முழங்காலின் மேல் ஒரு கை

இரினேயோ ராக்கா பந்தயத்தில் கார் ஓட்டியதாக சான் எவாரிஸ்தோவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராகத்தான் எல்லோரும் அவரைப் பார்த்திருக்கிறார்கள். வாரநாட்களில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் சேகரிக்கும் டேங்கர் லாரியின் ஓட்டுநர் இருக்கை. சனிக்கிழமை மதியம் ஆனால் ஊருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில், அடுத்தவர் காரின் வலது பக்க இருக்கை; எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டீயரிங் இடது பக்கம். இருபது வருடங்களுக்கு மேலாக அவர் உடம்பு இந்த இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தேய்ந்துகொண்டிருந்தது.

சாந்தா ஃபே மாகாணத்தின் விளையாட்டுச் செய்திகளை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அந்தத் தடத்துக்கு அடிக்கடி போவேன். கூட்டம், தூசி, கரியில் வேகும் தொத்திறைச்சியின் புகை. யார் எத்தனையாவதாக வந்தார்கள் என்று எழுதி, ஒரு படத்தோடு மாலைக்குள் அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. இரினேயோவைப் பற்றி எழுத இடம் வந்ததே இல்லை. அவர் எதிலும் எத்தனையாவதாகவும் வந்ததில்லை.

ஆனால் அவர் காரைவிட்டு இறங்குவதை நான் தவறாமல் பார்ப்பேன். கூரையின் விளிம்பைப் பிடிப்பார். ஒரு காலை வெளியே வைப்பார். கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு அடுத்த கால். எழுந்து நின்றதும் இரண்டு கைகளாலும் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு, தலை சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புவார். அதற்குள் அடுத்த கார் பக்கத்தில் வந்து நின்று ஹார்ன் அடிக்கும்.

எங்கள் சமவெளியில் சாலை என்றால் நேர்கோடு. கோதுமைக்கும் சோயாவுக்கும் மாடுகளுக்கும் நடுவே, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி அடிவானம்வரை போகும். ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டி வந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஊர் வந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். அப்பாவின் பழைய டிரக்கில் ஓட்டிப் பழகிய நாளிலிருந்து இது எங்கள் கால்களில் ஊறிக் கிடக்கிறது. விளைச்சல் நன்றாக இருந்த ஒரு வருடத்தில் ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறார். அதைத் தடத்துக்குக் கொண்டுவருகிறார். முதல் வளைவின் நடுவில் வேகம் அதிகமோ என்று ஒரு பயம். கால் தானாக மேலே வந்துவிடுகிறது. கார் பம்பரமாகச் சுழன்று, வந்த வழியைப் பார்த்தபடி புல்லில் போய் நிற்கிறது. மலைநாட்டுக்காரர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை என்று இரினேயோ சொல்வார். அவர்கள் வேறு தப்புகள் செய்வார்களாம்.

கார் ஏன் சுழல்கிறது என்பதைப் பாலை வைத்து விளக்குவார். பாதி நிரம்பிய டேங்கரை வளைவில் ஓட்டும்போது காலைச் சட்டென்று எடுத்தால் உள்ளே இருக்கும் பால் மொத்தமும் முன்னால் ஓடும். முன் சக்கரங்கள் தரையை இறுகப் பிடிக்கும். பின் சக்கரங்கள் லேசாகிப் பிடியை விடும். பிடியில்லாத பின்பக்கம் வெளியே வீசப்படும். காரில் பால் இல்லை. எடை இருக்கிறது, அதுவும் அப்படித்தான் ஓடும். ஆகவே பிரேக் பிடிப்பதெல்லாம் வளைவுக்கு முன்னால், கார் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் கால் ஆக்சிலேட்டரில் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங் நேராக ஆக ஆகத்தான் கால் கீழே போகலாம். அவசரப்பட்டு மிதித்தாலும் பின்பக்கம் வழுக்கும். பாடம் இவ்வளவுதான். மாத்தே பானம் ஒரு சுற்று குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். தலை உடனே புரிந்துகொள்ளும். கால்தான் கேட்காது.

அதற்காகத்தான் அவருடைய கை. வளைவு நெருங்கும்போது இடது கையை நீட்டி, ஓட்டுகிறவரின் வலது முழங்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைப்பார். காலை எடுக்கலாம் என்று ஒருவர் நினைப்பதற்கு முன்பே தொடை இறுகிவிடும். அந்த இறுக்கம் உள்ளங்கைக்குத் தெரிந்ததும் மெதுவாக ஓர் அழுத்தம். கால் மேலே வராது. கார் வளைவைக் கடந்துவிடும். ஓட்டியவர் தானே கடந்ததாக நினைத்துக்கொள்வார். சில மாதங்கள் போனால் உண்மையிலேயே தானே கடப்பார்.

பெண்கள் ஓட்ட வந்தால், முழங்காலுக்கும் கைக்கும் நடுவே மடித்த செய்தித்தாள் ஒன்றை வைப்பார். அது எங்கள் பத்திரிகைதான். அந்த ஊரில் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான் என்று என் ஆசிரியர் சொல்வதுண்டு.

கார் சுழன்றவர்களுக்கு, தடத்தை நடத்தும் கிளப்பில் ஒரே ஒரு தண்டனை. குளிர்கால சனிக்கிழமைகளில் அங்கே பான்யா கௌடா காய்ச்சுவார்கள். பாலாடையில் நெத்திலியும் பூண்டும் கரைந்து கொதிக்கும் சட்டி நடுவே இருக்கும். சுற்றி நின்று காய்கறியை முக்கி முக்கித் தின்பார்கள். ஐம்பது பேருக்கு வேண்டிய பூண்டை அன்றைக்குக் காரைச் சுழற்றியவர்கள் உட்கார்ந்து உரிக்க வேண்டும். நீதிபதியானாலும் சரி, பன்றித் தீவன வியாபாரியானாலும் சரி. திங்கட்கிழமைவரை விரலில் மணக்கும். கை குலுக்கும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும்.

இரினேயோவுக்குப் போதும் என்று ஆகி மூன்று வருடங்கள் இருக்கும். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனால் சாப்பிடக் குனிய முடியாது. மனைவி எல்விரா தட்டைப் பெட்டிமேல் உயர்த்தி வைத்துக் கொடுப்பாள். அவர் கேட்டது ஒன்றுதான்: ஒரு சனிக்கிழமை மதியம் படுத்துத் தூங்க வேண்டும். ஆனால் உரிமம் பெற்ற பயிற்றுநர் இல்லாமல் பொதுமக்களுக்குத் தடத்தைத் திறக்கக் கூடாது என்பது மாகாண மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விதி. உரிமம் வேண்டுமென்றால் ஏற்கனவே உரிமம் உள்ளவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி இருந்தவர் இரினேயோ ஒருவர்தான். ஸ்டீயரிங் பிடிக்க நூறு பேர் வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்க யார் வருவார்கள்?

கிளப்பின் தலைவர் ஓமர் ஃபசெத்தா டயர் கடைக்காரர். ஊரே அவரைக் குண்டன் என்றுதான் கூப்பிடும். அவரிடம் இரினேயோ ஒவ்வொரு சீசன் முடிவிலும் பேசிப் பார்ப்பார். ஒருமுறை நானும் அங்கே இருந்தேன்.

"குண்டா, முடியல. கழுத்து போச்சு. வேற ஆளப் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், கிழவா. இந்த ஒரு சீசன்."

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

"போன தடவ பொய் சொன்னேன். இந்தத் தடவ நம்பு."

குண்டன் கெட்டவர் இல்லை. தடத்தை மூடினால் ஊரில் சனிக்கிழமை என்று ஒன்று இருக்காது என்பது அவருக்குத் தெரியும். இரினேயோவுக்கும் தெரியும். அதனால்தான் பேச்சு அதோடு நின்றுவிடும்.

யாருக்கும் தெரியாத ஒன்றும் இருந்தது. இரினேயோவின் இடது கை மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. முதலில் சுண்டுவிரல் நுனி, பிறகு பக்கத்து விரல்கள், பிறகு உள்ளங்கை. கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். கை அசையும், பிடிக்கும், தூக்கும். தொட்டது என்னவென்று மட்டும் தெரியாது. டேங்கரின் குழாயை மாட்டுவதைக் கண்ணால் பார்த்துச் செய்துகொள்ளலாம். ஒருவரின் தொடை இறுகுவதைக் கண்ணால் பார்க்க முடியாது.

அவர் வழக்கம்போல் கையை வைத்துக்கொண்டுதான் இருந்தார். கார்கள் அதிகமாகச் சுழன்றன. டயர் சரியில்லை என்றார்கள். புதிதாகப் போட்ட தார் வழுக்குகிறது என்றார்கள். அறுவடைத் தூசி என்றார்கள். குண்டன் தன் கடை டயர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் வராமல் இருந்தார். பூண்டு உரிக்க இடமில்லாமல் இரண்டு மேஜைகள் போட்டார்கள். நானும் தூசி என்றுதான் எழுதினேன். காரணம் தெரிந்தவர் மாத்தே குவளையை வலது கையில் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நீடியா குரோசெத்தி அந்தக் குளிர்காலத்தில்தான் வந்தாள். பக்கத்து ஊரில் பல் மருத்துவர். ஐம்பதைத் தாண்டியவள், குரல் பெரிது, தனியாக வாழ்கிறவள். பின்பக்கம் எஞ்சின் வைத்த பழைய மஞ்சள் கார் ஒன்றை வாங்கியிருந்தாள். அந்த மாதிரிக் காரில் பின்னால் கனம் அதிகம். நழுவத் தொடங்கினால் சுத்தியலை வீசியதுபோல் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். இரண்டாவது வாரமே செய்தித்தாளை எடுத்துப் பின்னால் எறிந்தாள்.

"நான் நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள கைய விடறவ. என் முட்டி மேல நீங்க கை வெச்சா ஒண்ணும் ஆயிடாது. வெய்யுங்க."

வைத்தார். அவள் சுழன்றாள். அடுத்த வாரமும் சுழன்றாள். எங்கள் எல்லோரையும்விட அவள் கால் மோசம். அதற்குக் காரணமும் இருந்தது. பல்லைக் குடையும் கருவியை அவள் வலது காலால் ஒரு மிதியை அழுத்தி ஓட்டுகிறாள். நாற்காலியில் இருப்பவர் துளி அசைந்தாலும் கால் அந்தக் கணமே மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு போய்விடும். இருபத்தைந்து வருடமாக இப்படிப் பழக்கிய கால். காரின் பின்பக்கம் துளி அசைந்தாலும் அது மேலே வந்துவிடும். அவளிடம் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள் வாயைத் திறந்தபடியே, "சனிக்கிழமையும் சுத்துனீங்களா, டாக்டர்?" என்று கேட்டார்களாம். கையுறையைத் தாண்டிப் பூண்டு மணந்திருக்கிறது.

ஒரு மதியம், ஓட்டம் தொடங்குமுன், கிளப் கூரைக்கடியில் அவள் மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தாள். கெண்டியின் மூக்கு சரியாக இல்லை. கொதிநீர் மேஜைமேல் சிந்தி, அங்கே வைத்திருந்த இரினேயோவின் இடது கைக்கடியில் ஓடியது. அவர் குண்டனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தார். கை அங்கேயே இருந்தது.

நீடியா கெண்டியைக் கீழே வைத்தாள். அவர் கையைத் துணியால் துடைத்தாள். பிறகு அவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னாள்.

"இப்ப எந்த விரலத் தொடறேன்?"

"நடு விரல்."

"இப்ப?"

"சுண்டுவிரலா?"

"நான் எதையுமே தொடல, இரினேயோ."

அவர் திரும்பாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே, சுழன்ற கார்களைப் புல்லிலிருந்து இழுக்கும் டிராக்டர்காரர் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு நாளாக இப்படி என்று அவள் கேட்டாள். இரண்டு குளிர்காலமாக என்றார். யாருக்குத் தெரியும் என்றாள். இப்போது உங்களுக்குத் தெரியும் என்றார்.

"அப்ப இத்தன வாரமா என் முட்டி மேல இருந்தது?"

"கைதான். உள்ள ஆள் இல்ல."

"நான் வாராவாரம் பூண்டு உரிச்சேன்யா."

இரினேயோ சிரித்துவிட்டார். சிரித்தால் கழுத்து வலிக்கும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னதாக நீடியா பின்னால் என்னிடம் சொன்னாள். நிறுத்தினால் தடம் மூடப்படும். நிறுத்தாவிட்டால் என்றைக்காவது ஒரு கார் புல்லோடு நிற்காமல் சுவர்வரை போகும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசிக் கார் நின்றதும் அவர் எண்ணுவது கார்களை இல்லையாம். நடந்து போகிற ஆட்களை. எல்லோரும் நடந்து போய்விட்டால் இன்னொரு வாரம் தள்ளிப்போடலாம்.

அவள் கேட்டுக்கொண்டே பாத்திரத்தை எல்லாம் கழுவி வைத்தாள். பிறகு, அந்த இருக்கையைத் தனக்குக் கொடுக்கச் சொன்னாள்.

"உங்களுக்கா? டாக்டர், உங்க காலு இருக்கே..."

"என் காலக் கேக்காதீங்க. அந்தப் பக்கத்துல மிதியே கிடையாது, எதிலேருந்து எடுப்பேன்? கையக் கேளுங்க. நாற்காலியில இருக்கறவன் துள்ளப் போறான்னு அவனுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். தாடை சொல்லும். தொடை சொல்லாதா?"

அவருக்கு மறுக்கத் தெரியவில்லை. அல்லது மறுக்கும் தெம்பு இல்லை. அந்த வாரத்திலிருந்து நீடியா தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, தெரிந்தவர்களின் கார்களில் வலது பக்கம் ஏறிக்கொண்டாள். கிளப்பில் சிரித்தார்கள். பல் பிடுங்கியது போதாமல் காலையும் பிடுங்க வந்துவிட்டாள் என்றார்கள். இரினேயோ வேலியோரம் நின்று ஒவ்வொரு வளைவாகப் பார்த்தார். அவள் ஏறிய கார்களில் பாதிக்குமேல் சுழலவில்லை. மீதி சுழன்றன. அது போதுமா போதாதா என்று வேலியிலிருந்து சொல்ல முடியாது.

சோதனைக்கு ஒரு வழக்கமான முறை உண்டு. உரிமம் உள்ளவர் ஓட்டுவார். புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கை வைப்பார். ஓட்டுகிறவர் எங்கே என்று சொல்லாமல், வளைவின் நடுவில் வேண்டுமென்றே காலை எடுப்பார். பக்கத்துக் கை அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். மூன்று சுற்று. முடிந்ததும் கையெழுத்து, அல்லது கையெழுத்து இல்லை.

எங்கள் பக்கத்துக் குளிர்காலம் முடியும் ஆகஸ்டு மாதத்தில், காற்று சில்லென்று அடித்த ஒரு சனிக்கிழமை அதை வைத்துக்கொண்டார்கள். கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். வேலியோரம் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரினேயோ தனியாக நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். பேட்டிக்காக இல்லை, காற்றுக்கு அவர் நல்ல மறைப்பு. அவரே பேசினார்.

"கண்ண மூடிக்கிட்டு கையெழுத்தப் போட்டுக் குடுத்துடலாம்னு இருக்கு, தம்பி. அதான் பயமா இருக்கு."

தலைக்கவசத்தை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இன்னிக்கு அவ தோத்தா அடுத்த வாரமும் நான்தான். ஜெயிச்சா தூங்கலாம். தூக்கத்துக்கு ஆசப்படறவன்கிட்ட கையெழுத்து கேக்கறாங்க பாரு."

நீடியாவின் மஞ்சள் காரிலேயே சோதனை. காலை எடுத்தால் மன்னிக்காத கார் அதுதான் என்று இரினேயோ அதைக் கேட்டு வாங்கினார். உட்கார்ந்தார். இருக்கையை முன்னுக்கு இழுத்தார். அவள் வலது பக்கம் ஏறி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, இடது கையை அவர் முழங்காலின் மேல் வைத்தாள். கூட்டத்திலிருந்து யாரோ எல்விராவைக் கூப்பிட்டு, வந்து பார்க்கச் சொன்னான். எல்விரா நின்ற இடத்திலிருந்தே, "ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் கை வெக்கறதுக்குக் காசு கேப்பாங்க, சும்மா இரு" என்றாள்.

முதல் சுற்றில் எதுவும் நடக்கவில்லை. சுத்தமான ஓட்டம். வளைவுக்கு முன் பிரேக், உள்ளே ஒரே அளவான எஞ்சின் சத்தம், வெளியே வரும்போது அந்தச் சத்தம் நிதானமாக ஏறியது. போட்டியில் ஓட்டாத மனிதர் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறார் என்று பலர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

இரண்டாவது சுற்றில், தானியக் கிடங்குக்கு எதிரே இருக்கும் வளைவில் எஞ்சின் சத்தம் சட்டென்று அறுந்தது. வேண்டுமென்றே எடுத்துவிட்டார். காரின் பின்பக்கம் வெளியே போனது. நாங்கள் எல்லோரும் வேலியைப் பிடித்தோம். அவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, காலை மெல்லத் திரும்ப வைத்துச் சமாளித்தார். கார் இரண்டு முறை ஆடி நேரானது. காருக்குள் அவர் சொன்னது ஒரே ஒரு சொல்: "லேட்டு."

வேலியோரம் குண்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அடுத்த சீசனுக்கும் கிழவர்தான் என்று முகத்தில் எழுதியிருந்தது. அவருக்கு அதில் வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் புரியவில்லை.

இரினேயோவும் அப்போதே முடிவு செய்துவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னார். மூன்றாவது சுற்று சடங்குக்குத்தான். கடைசி வளைவில் இன்னொருமுறை காலை எடுத்துப் பார்த்துவிட்டு, நிறுத்தி, இறங்கி, இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். அவருக்கு உடம்பெல்லாம் கனத்ததாம். அடுத்த சனிக்கிழமையையும் அதற்கடுத்ததையும் நினைத்துக்கொண்டே யூகலிப்டஸ் மரங்களை ஒட்டிய நீண்ட வலது வளைவுக்குள் போனார்.

அங்கே புல்லில் ஆள்காட்டிப் பறவைகள் குஞ்சு பொரித்திருந்தன. அந்தப் பருவத்தில் அவை மாடு என்றும் பார்ப்பதில்லை, கார் என்றும் பார்ப்பதில்லை. ஒன்று கத்திக்கொண்டு எழும்பி நேராகக் காரின் முன்கண்ணாடியை நோக்கி வந்தது. வேலியிலிருந்தே எனக்கு அந்த வெள்ளை வயிறு தெரிந்தது. மேலே ஏறி, கூரையை உரசுவதுபோல் தாண்டிப் போனது.

எஞ்சின் சத்தம் மாறவில்லை. ஒரே அளவாக, முழு வளைவுக்கும், நூல் இழுத்த மாதிரி வந்தது. கார் வெளியே வந்து நேரானது. கடைசி வளைவில் அவர் எதையும் செய்து பார்க்கவில்லை. மெதுவாக வந்து கிளப்புக்கு முன்னால் நிறுத்தினார்.

இருவரும் இறங்கவில்லை. வெகுநேரம் உள்ளேயே இருந்தார்கள். காருக்குள் நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"நான் காலை எடுத்தேன்," என்றார் இரினேயோ.

"எடுக்கல. எடுக்கப் போனீங்க."

"எனக்கே தெரியல. கார் ஏன் சுத்தலன்னுதான் பார்த்தேன்."

"கிடங்குகிட்ட நான் தூங்கல. அங்க நீங்க வேணும்னு எடுத்தீங்க. வேணும்னு எடுக்கறவனுக்குத் தொடை இறுகாது, இரினேயோ. பயந்தவனுக்குத்தான் இறுகும். அங்க என் கைக்கு ஒண்ணுமே வரல. இங்க வந்துச்சு."

இத்தனை வருடமாக இருந்துவந்த சோதனை முறையே தப்பு என்று அவள் சொன்னதாக இரினேயோ நினைத்தார். பயந்தபோது தன் கால் என்ன செய்யும் என்று அவர் அதுவரை பார்த்ததே இல்லை. மற்றவர்களுக்குச் செய்ததையேதான் அவருக்கும் செய்யப் பார்த்தது. அவரும் இந்தச் சமவெளியில் பிறந்தவர்தான்.

காரின் மூக்குமேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார்.

அதற்குப் பிறகு கூரைக்கடியில் நடந்ததுதான் ஊர் இன்றைக்கும் பேசுவது. அன்று சுழன்ற இரண்டு பேர் பூண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். இரினேயோ ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, கத்தியைக் கேட்டார்.

"நீ எதுக்குக் கிழவா? நீ சுத்தலையே," என்றார் குண்டன்.

"சுத்தியிருப்பேன்."

குண்டன் சிரித்துக்கொண்டே கத்தியை நீட்டினார். நீடியா குறுக்கே வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"அந்தக் கையில கத்தி குடுக்காதீங்க. வெட்டினாலும் அவருக்குத் தெரியாது."

இரினேயோ இடது கையை மேஜைமேல் வைத்து, அது யாருடையதோ என்பதுபோல் பார்த்தார். பிறகு சொன்னார். இரண்டு குளிர்காலம். டயர் இல்லை, தார் இல்லை, தூசி இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பால் எந்தப் பண்ணையில் எவ்வளவு என்று சொல்லும் அதே குரல். அந்த இரண்டு குளிர்காலத்தில் தனியாக ஓட்டலாம் என்று தான் விட்டவர்கள் எல்லோரும் டாக்டரோடு மறுபடி உட்கார வேண்டும் என்றார்.

முணுமுணுப்பு எழுந்தது. தீவன வியாபாரி ஒருவர், தான் நன்றாகத்தான் ஓட்டுவதாகவும், மறுபடி முதலிலிருந்து என்றால் காரை விற்றுவிடுவேன் என்றும் சொன்னார். குண்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்று வருடமாக இந்த ஒரு சீசன், இந்த ஒரு சீசன் என்று சொன்னவர் அவர்தான். அவர் என்ன சொல்வார் என்று எல்லோரும் பார்த்தோம்.

அவர் நாற்காலியை இழுத்து, இரினேயோவுக்கு எதிரே உட்கார்ந்து, பூண்டு உரிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் போனதும் உரித்த பல் ஒவ்வொன்றாக இரினேயோவின் பக்கம் தள்ளினார். அவர் வலது கையால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அப்படியே முடித்தார்கள்.

நான் அன்றைய முடிவுகளை எழுதி அனுப்பினேன். இதில் எதுவும் அதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, இதை எழுதலாமா என்று கேட்பதற்காக மதியம் இரினேயோவின் வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். எல்விரா எடுத்தாள். அவர் தூங்குகிறார், எழுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறாள் என்பது அவள் குரலின் தாழ்விலேயே தெரிந்தது.

தடத்துக்குப் போனபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. கார்கள் வரிசையாக நின்றன. தீவன வியாபாரியின் காரும் இருந்தது. நீடியா ஒரு சிவப்புக் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கூரையைப் பிடித்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். நின்றதும் இரண்டு கைகளும் பின்கழுத்துக்குப் போயின.

"இன்னும் எத்தன கார் இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

நான் வரிசையைப் பார்த்தேன். சொல்வதற்குள் அடுத்த கார் பக்கத்தில் வந்து ஹார்ன் அடித்தது.